ஆர் சாப்பாடு குடுக்கினம்?

2016 ஒக்ரோபரில் பிரான்ஸின் கலே நகரத்தில் 'ஜங்கிள்' என்று பெயர் விழுந்திருந்த அகதி முகாமை இடித்தார்கள். தாய் தகப்பன் இல்லாமல் தனியே நின்ற பிள்ளைகள் அங்கே நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பங்கையாவது பிரித்தானியா பொறுப்பெடுக்க வேண்டும் என்று அந்த வருடம் நாடாளுமன்றத்தில் விடாமல் போராடியவர் அல்ஃப் டப்ஸ் பிரபு. நாசிகளிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற 1939இல் பிராக் நகரத்திலிருந்து விட்ட ரயிலில், ஆறு வயதில், லண்டனுக்கு வந்து இறங்கியவர் அவர். அவர் கொண்டுவந்த திருத்தம் சட்டமானது. ஆனால் அந்தச் சட்டத்தின்கீழ் அரசு ஒதுக்கிய இடம் கடைசியில் 480 பிள்ளைகளுக்குத்தான்.

ஜங்கிளை இடித்த அந்த மாதம்தான் நானும் என் கணவரும் இங்கிலாந்தில் எங்கள் கவுன்சிலின் வளர்ப்புப் பெற்றோர் பகுதிக்கு ரெலிபோன் எடுத்தோம்.

எனக்கு அதைவிடக் கிட்டடியில் ஒரு காரணம் இருந்தது. 1985இல் என் அண்ணாவை வடமராட்சியிலிருந்து தனியே அனுப்பினார்கள். அவனுக்குப் பதினாறு வயது. பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிற காலம். காணியை ஈடுவைத்து அப்பா ஏஜென்சிக்குக் காசு கட்டினார். கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பெர்லின். அங்கிருந்து நகர ரயிலேறினால் மேற்கு பெர்லின். அந்த வழியாக எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். பிறகு அது அடைபட்டது. அண்ணாவை ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர் விடுதிக்கு அனுப்பினார்கள். அம்மா அவனுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி தவறாமல் இருக்கும். "ஆர் சாப்பாடு குடுக்கினம்?" அவன் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவான். அதற்கு மட்டும் எழுதமாட்டான்.

பல வருடம் கழித்து என்னிடம் சொன்னான். விடுதிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வயதான மனுசி. ஞாயிற்றுக்கிழமைகளில் இவனைக் கூப்பிட்டுத் தன் குசினி மேசையில் இருத்தி, ஒரு கத்தியும் கொஞ்சம் உருளைக்கிழங்கும் முன்னால் வைப்பாராம். இரண்டுபேரும் தோல் சீவுவார்கள். பிறகு சாப்பிடுவார்கள். "அவ என்னட்டை ஒண்டுமே கேக்கேல்லை" என்றான் அண்ணா. அவன் குரலில் இருந்த நன்றியை அன்று என்னால் முழுக்க விளங்கிக்கொள்ள முடியவில்லை. பெடியன்கள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

விண்ணப்பம் போட்டவுடன் பிள்ளையைத் தந்துவிடமாட்டார்கள். பயிற்சி வகுப்பு, பொலிஸ் பதிவு, டொக்டரின் அறிக்கை, வங்கிக் கணக்கு, எங்களைத் தெரிந்தவர்களிடம் விசாரணை, வீட்டில் புகை மணி வேலை செய்கிறதா என்பதுவரை பார்த்தார்கள். ஒரு சோஷல் வேர்க்கர் மாதக்கணக்காக வந்துபோனார். எங்கள் கலியாணம், சண்டை, நாங்கள் வளர்ந்த விதம், எங்கள் மகளை வளர்த்த விதம், எல்லாம் கேட்டார். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகளைத் தனியாக இருத்தியும் கேட்டார். ஒருநாள் சொன்னார்: "நீங்கள் இரண்டுபேரும் போருக்குள்ளிருந்து வந்தவர்கள். வருகிற பிள்ளை இராத்திரியில் கத்தினால் உங்களுக்கு என்ன நடக்கும்?" அது கேட்கவேண்டிய கேள்விதான். என் கணவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழும்பி லைற்றைப் போடுவம்" என்றார். சோஷல் வேர்க்கர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஊராக்கள் சும்மா இருக்கவில்லை. குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் ஆரெண்டு தெரியாத பெடியனை வைக்கிறதோ என்றார்கள். காசுக்காகவோ என்றும் கேட்டார்கள். கவுன்சில் காசு தருகிறதுதான். சாப்பாடு, உடுப்பு, பயணம், வீட்டுச் செலவு எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அது இல்லாவிட்டால் பணக்காரர் மட்டும்தான் இந்த வேலையைச் செய்யலாம். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் வெளிப்படையாகவே சொன்னேன்.

முதல் பெடியன் 2017 இலையுதிர் காலத்தில், நடுச்சாமம் கழிந்து வந்தான். எரித்திரியா நாட்டவன். பதினாறு வயது. லொறியின் பின்பக்கத்தில் ஒளிந்து வந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் பொலிஸின் கண்ணில் பட்டவன். கூட்டிவந்த சோஷல் வேர்க்கர் மொழிபெயர்ப்பாளரை ரெலிபோனில் பிடித்து மேசையில் வைத்தார். இது உன் அறை, உள்ளே பூட்டலாம், இது கழிப்பறை, பசித்தால் எந்த நேரமும் குசினிக்கு வரலாம், காலையில் உன்னை ஒருவரும் எங்கேயும் அனுப்பமாட்டார்கள். எல்லாவற்றையும் குனிந்தபடி கேட்டான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "இது இங்கிலாந்துதானே?"

அடுத்த நாள் டொக்டர் அவன் கையை விரித்துப் பார்த்துவிட்டுச் சிரங்கு என்றார். கலேயின் கூடாரங்களிலும் லிபியாவின் அடைப்புக் கூடங்களிலும் ஒருவரோடு ஒருவர் நெருக்கிப் படுத்துவந்த பிள்ளைகளுக்கு இது சாதாரணம். பெர்மெத்ரின் என்ற கிறீமைக் கழுத்திலிருந்து கால்விரல் வரை, விரலிடுக்கு, நகத்தடி ஒன்றும் விடாமல் பூசி, எட்டிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலம் வைத்திருந்து கழுவவேண்டும். ஒரு கிழமை விட்டுத் திரும்பவும் பூசவேண்டும். வீட்டிலிருக்கும் எல்லோரும் ஒரே இரவில் பூசவேண்டும். படுக்கை விரிப்பு, துவாய், உடுப்பு எல்லாம் 60 பாகைச் சுடுதண்ணீரில். தோய்க்கமுடியாத சப்பாத்தையும் ஜக்கெற்றையும் பையில் கட்டிச் சில நாள் ஒதுக்கி வைக்கவேண்டும். சப்பாத்தைத் தரமாட்டேன் என்று அவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். என் கணவர் தன் சப்பாத்தைக் கழற்றி அதே பைக்குள் போட்டார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அவனும் போட்டான்.

முதுகுக்கு அவனுக்குக் கை எட்டவில்லை. திரும்பவும் மொழிபெயர்ப்பாளரை எடுத்து, நான் பூசிவிடலாமா என்று கணவர் கேட்டார். அவன் சம்மதித்து மேற்சட்டையைக் கழற்றினான். முதுகில் கண்டதைக் கணவர் பிறகு எனக்குச் சொன்னார். வளர்ப்புப் பெற்றோர் தினமும் எழுதவேண்டிய பதிவேட்டில், தழும்புகள் இருந்த இடங்களை மட்டும் எழுதினோம். எப்படி வந்தது என்று அவனிடம் கேட்கவில்லை. அன்றிரவு நாங்கள் எல்லோரும் உடம்பெல்லாம் கிறீமோடு குசினியில் நின்று தேத்தண்ணீர் குடித்தோம். தன்னால் வந்த தொல்லையென்று தலைகுனிந்திருந்த பிள்ளை, நாங்களும் கையை அகட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டபிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

கேட்காமல் இருப்பதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. இந்தப் பிள்ளைகளின் கதைதான் இவர்களின் கேஸ். எந்த மாதம் வீட்டைவிட்டு வெளிக்கிட்டான், எல்லையை எங்கே கடந்தான், ஆர் பிடித்தார்கள் என்பதெல்லாம் லோயருக்கு முன்னால் வாக்குமூலமாக எழுதப்படும். பிறகு ஹோம் ஒஃபிஸில் நேர்காணல். ஓரிடத்தில் சொன்னதற்கும் இன்னோரிடத்தில் சொன்னதற்கும் திகதி மாறினால், நம்பமுடியாதவன் என்று எழுதிவிடுவார்கள். நான் ஆர்வத்தில் ஒன்று கேட்டு, அவன் அரைகுறை ஆங்கிலத்தில் ஒன்று சொல்லி, நான் அதை என் விளக்கத்தில் பதிவேட்டில் எழுதிவைத்தால் அது நாளைக்கு அவனுக்கு எதிராகவே நிற்கலாம். ஆகவே அவனாகச் சொன்னால் கேட்பேன், சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுவேன். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் பாவப்பட்டு, "எப்பிடித் தம்பி கடலைக் கடந்தனீ?" என்று தொடங்கினால் உடனே கதையை மாற்றிவிடுவேன். பாவப்பட்டுக் கேட்டாலும் பதில் சொல்கிற பிள்ளை திரும்பவும் அந்தக் கடலுக்குள் இறங்கத்தான் வேண்டும்.

கதை கேட்காத வீட்டில் சமையல் இருந்தது. எரித்திரியாவின் ஓர்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம். இறைச்சி, முட்டை, பால் ஒன்றும் தொடமாட்டார்கள். ஈஸ்ரருக்கு முன் கிட்டத்தட்ட எட்டுக் கிழமை தொடர் விரதம். எங்கள் வீட்டில் வெள்ளி மரக்கறிதான். எனவே வெள்ளிக்கிழமை எனக்கும் அவனுக்கும் ஒரே சட்டி. கடலைமாவைப் பெர்பெரே என்கிற அவர்களின் தூளோடு வெங்காயத்தில் காய்ச்சும் சீரோ என்ற குழம்பை அவன் செய்வான். இஞ்செராவுக்கு ரெஃப் என்ற சிறுதானிய மா வேண்டும். தெற்கு லண்டனில் எரித்திரியர் கடையைத் தேடி வாங்கிவந்தோம். கரைத்துப் புளிக்கவிடுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் கண் கண்ணாய் வரவேண்டும், ஒருபக்கம் மட்டும் வேகவேண்டும், திருப்பக்கூடாது. நான் தட்டகப்பையைத் தூக்கும்போதெல்லாம் ஓடிவந்து கையைப் பிடித்துவிடுவான். அவன் எங்கள் வீட்டில் சத்தமாகச் சிரித்தது முதன்முதல் அப்போதுதான்.

எரித்திரியாவில் வீட்டுக்குள் இருந்து வீடியோவில் கதைக்கிற வசதி எல்லோருக்கும் கிடையாது. அவன் தாய் ஊரிலிருந்து பட்டணத்துக்கு நடந்து, ஒரு உறவினர் வீட்டுக்கு வந்தால்தான் குரல் கேட்கலாம். அந்த அழைப்புக்காகச் சனிக்கிழமை முழுக்கக் காத்திருப்பான். சிலவேளை வராது. அப்படி ஒரு சனிக்கிழமை கதைத்துக்கொண்டிருந்தவன் ரெலிபோனோடு குசினிக்கு வந்து என்னிடம் திரும்பினான். அப்போது அவனுக்கு ஆங்கிலம் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. "அம்மா கேக்கிறா, உனக்கு ஆர் சமைக்கிறது எண்டு."

நான் அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் கதிரையில் இருந்தேன். அண்ணாவின் கடிதங்கள், அம்மாவின் கையெழுத்து எல்லாம் ஒன்றாக வந்துவிட்டது. பிறகு அவனிடம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். நான் சமைக்கிறேன். சில நாள் அவனும் சமைக்கிறான். புதனும் வெள்ளியும் விரதம் பிடிக்கிறான். ஞாயிறு கோயிலுக்குப் போகிறான். குளிருக்கு நல்ல ஜக்கெற் இருக்கிறது. தாய் அந்தப்பக்கம் நீளமாக ஏதோ சொன்னா. அவன் அதை மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவன் என்னை அன்ரி என்றுதான் கூப்பிட்டான். பின்னால் வந்தவர்களும் அப்படித்தான். அம்மா என்று கூப்பிடச் சொல்ல எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. பெற்றவள் உயிரோடு இருக்கிறாள், பட்டணத்துக்கு நடந்துவந்து பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்கிறாள். அவள் வரமுடியாத இடத்தில் நான் நிற்கிறேன். இந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்.

குறொய்டனில் ஹோம் ஒஃபிஸ் நேர்காணலுக்கு நானும் போனேன். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை விசாரிக்கும்போது பொறுப்பான வளர்ந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. மணித்தியாலக்கணக்கில் கேள்விகள். உன் நாட்டுக் காசின் பெயர் என்ன, எந்த வகுப்புவரை படித்தாய், சாவாவைப் பற்றி என்ன தெரியும். எரித்திரியாவில் பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தைச் சாவா என்கிற இராணுவ முகாமில்தான் படிக்கவேண்டும். அங்கிருந்து தேசிய சேவை. சட்டத்தில் அது 18 மாதம். 1998இல் எத்தியோப்பியாவோடு போர் மூண்டபிறகு அதற்கு முடிவே இல்லாமல் போய்விட்டது. பிள்ளைக்கு மீசை அரும்பும்போதே தாய்மார் கலங்கத் தொடங்குகிற நாடு அது. எண்பதுகளின் யாழ்ப்பாணத்தைக் கண்டவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த அறையில் என் வேலை பேசாமல் இருப்பது, அவன் களைத்தால் இடைவேளை கேட்பது. இரண்டுதரம் கேட்டேன். மாதங்கள் கழித்து அகதி அந்தஸ்துக் கடிதம் வந்தது. ஐந்து வருட விசா. கடிதத்தை வாசித்துவிட்டு நேரே போய்ப் படுத்தவன் அடுத்த நாள் மத்தியானம்தான் எழும்பினான்.

இரண்டாவது பெடியன் ஆப்கானிஸ்தானிலிருந்து. 2021 ஓகஸ்றில் தலிபான்கள் காபூலைப் பிடித்த பிறகு வெளிக்கிட்டு, ரப்பர் படகில் டோவர் வந்தவன். டோவர் இருக்கிற கென்ற் கவுண்டியால் தாங்கமுடியாமல் போனதால், வந்த பிள்ளைகளை நாட்டின் எல்லாக் கவுன்சில்களும் பங்கிட்டுப் பொறுப்பெடுக்கும் திட்டம் அப்போது கட்டாயமாகியிருந்தது. ஆனால் 2021 யூலையிலிருந்து ஹோம் ஒஃபிஸ் பிள்ளைகளை நேரடியாக ஹோட்டல்களில் இருத்தியது. 1989ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டப்படி தனியே வரும் பிள்ளையைப் பார்க்கவேண்டியது கவுன்சில். ஹோட்டலில் அப்படிப் பொறுப்பானவர் ஒருவரும் இருக்கவில்லை. 2023 தொடக்கத்தில் அந்த ஹோட்டல்களிலிருந்து காணாமற்போன ஏறக்குறைய 200 பிள்ளைகள் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அதே வருடம் யூலையில், பிள்ளைகளை வழமையாக இப்படி ஹோட்டல்களில் வைப்பது சட்டத்துக்கு மாறானது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கள் பெடியனும் அப்படியொரு கடற்கரை ஹோட்டலில் சில வாரம் இருந்துவிட்டு வந்தவன். தன்னோடு ஒரே அறையில் இருந்த பெடியனின் கட்டில் ஒருநாள் காலையில் வெறுமையாக இருந்தது என்று அவனாகச் சொன்னான். அவன் எங்கே என்று இன்றுவரை தெரியாது. இந்த நாட்டில் வேறு எந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை காணாமற்போனாலும் தொலைக்காட்சியில் படம் வரும்.

இவனுடைய வயதில் சந்தேகம் கிளம்பியது. பிறந்த திகதி ஜனவரி முதலாம் திகதி என்று பதிந்திருந்தார்கள். திகதி தெரியாத பிள்ளைகள் பலருக்கு அப்படித்தான் பதிகிறார்கள். அவன் பிறந்த காலத்து ஆப்கானிஸ்தான் நாட்காட்டியில் வருடம் மார்ச்சில் பிறக்கும்; எண்ணும் வேறு. நாங்கள் 2006 என்னும்போது அங்கே 1384, 1385. ஊர்ப்புறத்தில் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. தாய் சொன்ன வயதைத்தான் அவன் சொன்னான். இரண்டு சோஷல் வேர்க்கர்கள் பல அமர்வாக விசாரித்தார்கள். வீட்டில் அவன் எப்படி இருக்கிறான் என்று என்னிடமும் எழுதிக் கேட்டார்கள். உள்ளதை எழுதினேன். இரவில் சிறு விளக்கு வேண்டும். கணவரோடு கிரிக்கெற் விளையாடி அவுட்டானால் பற்றை எறிந்துவிட்டுப் போய்க் கதவடைப்பான். பத்து நிமிடத்தில் வந்து பந்தைக் கேட்பான். தாடி மழிப்பதைக் கணவர்தான் பழக்கினார். மீசையைப் பார்த்து வயது சொல்கிறவர்கள் இப்படி ஒரு மாதம் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும். சொன்ன வயதை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்காமல் விட்டிருந்தால் வளர்ந்த ஆம்பிளைகளோடு ஒரு ஹோட்டல் அறைக்குப் போயிருப்பான்.

பள்ளிக்கூடம் கிடைப்பது பெரும்பாடு. வருட நடுவில் வரும் பிள்ளையை, அதுவும் சோதனை வகுப்பு வயதில் வருபவனை, எடுக்கப் பள்ளிக்கூடங்களுக்கு விருப்பமில்லை. ஒரு கல்லூரி செப்ரெம்பரில் வரச்சொன்னது. செப்ரெம்பருக்கு ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதமும் பெடியன் வீட்டில் சும்மா இருந்தால் நினைப்புத்தான் தின்னும். நூலக வகுப்பு, பள்ளிவாசல் வகுப்பு, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை என்று கிடைத்த இடமெல்லாம் கூட்டிப்போனோம்.

மூன்றாவது பெடியன் சூடானின் டார்ஃபூரிலிருந்து. 2023 ஏப்ரலில் அங்கே போர் தொடங்கியபோது தாயோடும் தங்கைமாரோடும் தொடர்பு அறுந்தவன். செஞ்சிலுவைச் சங்கத்தில் காணாமற்போன உறவினரைத் தேடும் படிவத்தை அவனோடு இருந்து நிரப்பினேன். தங்கைமாரின் பெயரை எழுதும்போது அவன் கை மெதுவாகப் போனது. இன்னும் பதில் இல்லை. இவனைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை.

பதினெட்டு என்பது இந்த வீடுகளில் பயப்படுகிற இலக்கம். பெற்ற பிள்ளையைப் பதினெட்டாவது பிறந்தநாளன்று ஆரும் வெளியே அனுப்புவதில்லை. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரு பகுதியும் விரும்பினால் இங்கிலாந்தில் இருபத்தொரு வயதுவரை அதே வீட்டில் இருக்கலாம். காசு குறையும், ஆனால் அறை அவனுடையதுதான். எரித்திரியப் பெடியன் அப்படி எங்களோடு இருந்து, மின்சார வேலை பழகி, பிறகு தனியே போனான். சம்பளத்தில் ஒரு பங்கு ஊருக்குப் போகிறது. தாயை மட்டும் கூப்பிடமுடியவில்லை. பிரித்தானிய விதிகளில் வளர்ந்த அகதி தன் துணையையும் பிள்ளைகளையும் அழைக்க வழி இருந்த காலத்திலும், பிள்ளையாக வந்த அகதி தாய் தகப்பனை அழைக்க அந்த விதிகள் இடம் கொடுத்ததில்லை. கூப்பிடலாம் என்று தெரிந்தால் பெற்றோர் பிள்ளைகளை முன்னால் அனுப்புவார்கள் என்பது அரசு சொல்கிற காரணம். பதினாறு வயதுப் பிள்ளையைக் கடலுக்கு அனுப்புகிற தாய் விசாவைக் கணக்குப்போட்டு அனுப்புகிறாள் என்று நினைப்பவர்கள் என் அம்மாவைக் கண்டிருக்கவேண்டும். அந்தக் கொள்கை கொடுமையானது. அதை மாற்றவேண்டும்.

இதை வாசிக்கிற எங்கள் ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்களில் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளையைத் தனியே அனுப்பின. எத்தனையோபேர் அப்படித் தனியே வந்து இறங்கினோம். ஆரோ ஒரு மனுசி எங்களுக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டிருக்கிறா. லண்டனிலும் பேர்மிங்ஹாமிலும் லெஸ்ரரிலும் பிள்ளைகள் படித்து வெளியேறிய பிறகு அறைகள் சும்மா கிடக்கிற தமிழ் வீடுகள் எனக்கே பல தெரியும். சொந்த வீடு வேண்டியதில்லை, வாடகை வீடும் காணும். கலியாணம் கட்டியிருக்கத் தேவையில்லை. ஆங்கிலம் பிழையில்லாமல் கதைக்கவும் தேவையில்லை. முழுநேரம் முடியாதவர்கள், மற்ற வளர்ப்புப் பெற்றோருக்கு ஓய்வு கொடுக்க மாதத்தில் ஒரு வார இறுதி பிள்ளையை வைத்திருக்கலாம். ஒரு அறையும் பொறுமையும் இருந்தால் உங்கள் கவுன்சிலின் வளர்ப்புப் பெற்றோர் பகுதிக்கு இந்தக் கிழமையே எடுத்துக் கதையுங்கள். தனியே வந்த அகதிப் பிள்ளைகளைப் பார்க்க விருப்பம் என்று முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள்.